விலாவுக்குக் கீழே ஓர் இடது குத்து

செப்டம்பர் 3, 1968. செவ்வாய்.

மழை. சந்தைக்குப் போக முடியவில்லை. விற்கிற சோற்றுப் பொட்டலத்துக்குத் தென்னங்குருத்தில் கூடு பின்னிக்கொண்டே இருந்தேன். விரல் தானாகப் போகிறது, நான் எங்கேயோ இருக்கிறேன்.

இறந்துபோன என் வீட்டுக்காரர் செல்மோவுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்து ஜனங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு பெரிதாகிவிட்டது. விடியற்காலையில் அவர் ஓடப் போகிற ஷூச் சத்தம் சந்தில் கேட்டது. கதவைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடும். நாற்பது நாள் வரை ஆன்மா வீட்டைச் சுற்றும் என்கிறார்கள். சுற்றட்டும். அவருக்கு ஓடப் பிடிக்கும்.

செப்டம்பர் 5.

முடிவெட்டுகிற திபோ வந்தார். எங்கள் பாசில் பேட்டையில் இருக்கிற குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து கதை பேசுவது அவர் கடையில்தான். எல்லாருமாகச் சேர்ந்து கல்லறைக்குக் கல் வைக்கிறார்களாம்.

"கல்லுல என்ன வெட்டணும்னு கொத்தர் கேக்கறாருக்கா."

"எலிசெயோவை வென்றவர்னு வெட்டச் சொல்லுங்க."

தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. அந்த ஆளு எடை குறைக்கணும்னு ரெண்டு நாளு தண்ணிகூட குடிக்காம வந்தவன். செல்மோ அடிச்சா விழுந்தான்? பசி அடிச்சு விழுந்தான். சும்மா நின்னுட்டு இருந்தவன் பொத்துன்னு விழுந்தான், ஊரே பார்த்துச்சு. அதைப் போய்க் கல்லுல வெட்டினா, மெழுகுவத்தி ஏத்த வர்றவன்கூட சிரிப்பான். 'நல்ல கணவர்'னு போட்டுருவோமே?"

"அது எனக்குத் தெரியும். அதுக்குக் கல்லு எதுக்கு?"

திபோ சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், அந்தச் சண்டை நடந்தபோது, எலிசெயோ பெரிய பெயர். கீழ்த்திசை நாடுகளுக்கே சாம்பியன் ஆவான் என்று பேசிக்கொண்டார்கள். செல்மோவை அடி வாங்கத்தான் கூப்பிட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். அன்று சண்டை முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்றுதான் சொன்னார்: "ஜெயிச்சுட்டேன், பெத்தாங். பசிக்குது." அதன் பிறகு யார் கேலி செய்தாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். நானும் கேட்டதில்லை. அவர் சண்டை போட்டு நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. வராதே என்பார்.

நிஜமா அடிச்சீங்களா? உங்களைத்தான் கேக்கறேன்.

செப்டம்பர் 9.

கனவு. கடல் நடுவில் கயிறு கட்டின மேடை, அலையோடு ஏறி இறங்குகிறது. அவர் குத்துகிறார். எதிரில் நிற்கிறவருக்கு முகம் இல்லை. குத்துக்குச் சத்தமும் இல்லை. மீன்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்த பிறகும் தரை கொஞ்ச நேரம் ஆடியது.

செப்டம்பர் 14. சனி.

போஹோல் தீவுப் படகில் ஒருவர் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, நசுங்கின மூக்கு. கையில் சிரட்டையில் அடைத்த இனிப்பு, சிவப்புக் காகிதம் சுற்றினது. வாசலிலேயே நின்றார்.

"நான் எலிசெயோ, அக்கா. உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தப் படி ஏறத் தைரியம் வரலை."

அடுப்படியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது. "நீங்க பசியிலயா விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடை பார்த்து முடிஞ்சதும் ஒரு முழுக் கோழி சாப்பிட்டேன். மேல ரெண்டு கிண்ணம் கஞ்சி. எடை எனக்கு ஒரு பிரச்சினையாவே இருந்ததில்லை. பட்டினிக் கதையை மறுநாள் என் மேனேஜர் கட்டி விட்டாரு. பசியில விழுந்தவனை அடுத்த சண்டைக்குக் கூப்பிடுவாங்க. அடியில விழுந்தவனைக் கூப்பிட மாட்டாங்க. டோக்கியோவுக்கு நான் போனது அந்தக் கதையாலதான்."

"நாற்பதாம் நாள் எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி இதைச் சொல்லுங்க. கல்லுல வெட்டணும்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"டோக்கியோவிலயும் தோத்துட்டுத்தான் வந்தேன்கா. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்தப் பொய் ஒண்ணுதான்."

மாலைப் படகுக்குப் போய்விட்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15.

முழுக் கோழி! முழுக் கோழி தின்னுட்டு வந்தவனையா என் மனுஷன் சாய்ச்சாரு! — யார்கிட்டப் போய்ச் சொல்ல? நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு.

செப்டம்பர் 21.

வெயில். அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். காற்றில் கை இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றது.

செப்டம்பர் 26. நாற்பதாம் நாள்.

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு லோலெங் ஜெபம் நடத்தினாள். மேசையின் தலைப்பக்கம் செல்மோவுக்கு நாற்காலி போட்டேன். தட்டில் சோறு, பொரித்த மீன், ஒரு டம்ளர் தென்னங்கள்ளு. வழக்கப்படி அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. திபோவும் மற்ற ஆண்களும் சுவரோரமாக நின்றே சாப்பிட்டார்கள்.

ஜெபமெல்லாம் முடிந்த பிறகு எலிசெயோ வந்தார். படகு தாமதமாம், தோளெல்லாம் நனைந்திருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். தட்டு நிறையச் சோறு. தாமதமாக வருகிறவனுக்கு எடுத்துவைத்தது என்று நினைத்துவிட்டார், பாவம். உட்கார்ந்து கள்ளை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

லோலெங் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திபோவால் வாயைக் கட்ட முடியுமா? "பாருங்கப்பா, பதினாலு வருஷமா இவருக்குப் பசி தீரலை! செத்தவர் சோத்தைக்கூட விடலையே!"

வீடே சிரித்தது. துக்கத்தில் வருகிற சிரிப்பு, அடங்கவே இல்லை. எலிசெயோவுக்கு அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்தது. எழுந்தார். நாற்காலியை மெல்ல மேசைக்குள் தள்ளினார். இனி வாசல் பக்கம் போவார் என்று நினைத்தேன்.

"பசியா?" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க எல்லாரும்."

கையை முகத்துக்கு உயர்த்தினார். அந்தக் கனத்த உடம்பு எப்படி லேசானதோ தெரியாது, பாதம் தரையில் படாத மாதிரி நகர்ந்தது. எதிரில் யாரும் இல்லை. விளக்கு மட்டும்.

"எட்டாவது ரவுண்டு. முடிச்சுரலாம்னு வலது கையைத் தூக்கறேன். இப்படி. செல்மோ பின்னால போகலை. உள்ள வர்றார். எல்லாரும் பின்னாலதான் போவாங்க, இந்த மனுஷன் உள்ள வர்றார்." வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்தார். "இங்க. இடது கை. அவர் முதுகு மறைச்சிருக்கும், உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இங்க விழுற அடி உடனே வலிக்காது. நான் சிரிச்சேன். ரெண்டு எட்டு பின்னால வச்சேன். அப்புறம்தான் எனக்குக் காலே இல்லைன்னு தெரிஞ்சுது."

சொல்லிக்கொண்டே சிரித்தார். பின்னால் நகர்ந்தார். முழங்கால் மடங்கி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடையைத் தோளில் புதைத்துக்கொண்டு ஒருவர் அங்கே நின்றார். என் மனுஷன் சண்டை போட்டதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"கோழி சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்றார் எலிசெயோ, எழுந்திருக்காமலே. "அவர் என்னை அடிச்சார். அவ்வளவுதான்."

திபோதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

நான் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டேன். தட்டை எலிசெயோ பக்கம் நகர்த்தினேன். "உட்கார்ந்து சாப்பிடுங்க," என்றேன். லோலெங் முறைத்தாள். முறைக்கட்டும். அழுதுகொண்டே சாப்பிட்டார், மீன் முள்ளைக்கூட விடவில்லை.

செப்டம்பர் 28.

சந்தில் ஷூச் சத்தம் இல்லை. கதவைத் திறந்தேன். மழை விட்டிருந்தது.

அக்டோபர் 17.

கொத்தர் கல்லைக் காட்டினார். எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

நவம்பர் 1. வெள்ளி.

கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்ப் பாயை விரித்துவிட்டோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு, பிள்ளைகள் உருகின மெழுகை உருட்டிக்கொண்டு. புகையில் மரங்களெல்லாம் தூக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தன.

நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினபோது செல்மோ கல் முன்னால் கூட்டம். வெளியூர்க்காரர்கள் எழுத்தை வாசித்துவிட்டு, யாரது எலிசெயோ என்று கேட்டிருக்கிறார்கள். நடுவில் திபோ, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு.

"பசியாம் பசி! எந்த மடையன் சொன்னான்? நான் முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன்யா. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். எலிசெயோ வலது கையைத் தூக்கறான். நம்ம ஆளு உள்ள வர்றாரு. இங்க — இடது கை! சத்தம் எனக்குக் கேட்டுது. அவன் சிரிச்சான். நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'பாரு, இப்ப விழுவான்'னேன்."

அந்தச் சண்டை நடந்த அன்று திபோவின் மனைவிக்குப் பிரசவம். நான்தான் அவர்கள் வீட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் மாதாவைக் கூப்பிட்டபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் திபோ கையைக் கீழே போட்டார். முகம் வெளிறிவிட்டது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன்.

"நான் வர்றதுக்கு முந்தி சொல்லிட்டீங்களே," என்றேன். "முதல்லேருந்து சொல்லுங்க."