வசந்த் கூட்டத்தில் நான்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ரெக்கார்டு நோட்டில் நாலு படம் பாக்கி.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பிரபுவுக்காக அரை மணி நேரம் நின்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு பஸ் ஏறியவன். இன்று வசந்த் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என்னைத் தாண்டிப் போனான். கையை மட்டும் ஆட்டினான். நாய்.

வசந்த் எங்கள் வகுப்புதான். இனி இந்த டைரியில் வெறும் 'வ.'தான். முழுப் பெயர் எழுதக்கூடக் கை வரவில்லை. சனிக்கிழமையானால் திருமுக்கூடல் ஆற்று மணலில் பாட்டில் திறப்பவன். பாதி வகுப்பு அவன் பின்னால்.

ஜூலை 9, புதன்

கேன்டீனில் பிரபுவைக் கேட்டேன். "குடிக்கிறவன் கூட சேரவே மாட்டேன்னு போன வருசம் யாருடா சொன்னது?"

"அது போன வருசம். இப்ப இன்னா ஆயிட்சி? சும்மா ஜாலிக்குடா."

வ. வந்து என் தோளில் கை போட்டான். "இன்னா சாமியாரே, பூஜைக்கு நேரமாவல?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரபுவும். அவன் சிரித்ததுதான் தாங்கவில்லை.

குடி எங்கள் வீட்டில் செய்தது:
அம்மாவின் முன்பல்.
தங்கச்சி பள்ளிக்கூடம் போகாத நாட்கள்.
நைனாவின் ஈரல். இப்போது அவர் குடிப்பதில்லை. முடியாது.

ஜூலை 12, சனி

வெயில். ஆற்று மணலுக்குப் போனேன். நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்று வ., பிரபு, எங்கள் வகுப்பு லாரன்ஸ், நான் மட்டும். வ. ஊற்றி நீட்டினான். வேண்டாம் என்றேன்.

பிரபு முறைத்தான். "நீ மட்டும் சும்மா உக்காந்துகினு எங்கள பாத்துக்கினு இருந்தா, நாங்க இன்னா கெட்டவனுங்களா?"

குடித்தேன். கசப்பு. தொண்டை எரிச்சல். பிடிக்கவில்லை. பிரபு முதுகில் தட்டினானே, அது பிடித்தது.

வீட்டில் அம்மா. "இன்னாடா நாத்தம் இது?"

"பஸ்ல பக்கத்துல ஒருத்தன் குடிச்சிக்கினு வந்தாம்மா."

நம்பினாள். நம்பாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 16, புதன்

மழை வரும்போல இருந்து வரவில்லை. கடைசி பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். முன் பெஞ்சு சதீஷ், "நீயுமாடா?" என்றான். "போடா சாமியாரே" என்றேன். பெஞ்சே சிரித்தது. நன்றாக இருந்தது.

ஜூலை 19, சனி

ஒன்றுக்குப் போக முள்செடிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கிருந்து பார்த்தேன். வ. தன் டம்ளரை மெல்லச் சாய்த்து மணலில் ஊற்றுகிறான். காலால் மணலைத் தள்ளி மூடுகிறான். பிறகு வெறும் டம்ளரை வாயில் வைத்து அண்ணாந்தான்.

ஓடிவந்து கத்தினேன். "டேய், இவன் குடிக்கிறதே இல்லடா! நமக்கு ஊத்திட்டு வேடிக்க பாத்துக்கினு கீறான்!"

வ. முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு முகம் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணன் இதுலதான்டா செத்தான். எனக்கு வாசனையே ஆவாது."

"அப்ப எங்களுக்கு ஏன்டா ஊத்துன?"

"பாட்டில் இல்லன்னா நீங்கல்லாம் எங்கூட வருவீங்களா?"

பிரபு அவன் கைகளைப் பின்னால் மடக்கினான். லாரன்ஸ், "வேணான்டா" என்று எழுந்து நின்றான். தடுக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்தது நான். பாட்டிலைக் கவிழ்த்ததும் நான்.

புரையேறிற்று. மணலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். அண்ணன் பேரைச் சொல்லி அழுதான். எனக்குப் பாவமாக இல்லை. குளிர்ச்சியாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

வ. வரவில்லை. லாரன்ஸ் முன் பெஞ்சுக்கு மாறிவிட்டான். என்னைக் கண்டால் தலையைக் குனிகிறான்.

இடைவேளையில் வ.வுக்குப் போன் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அவன் அம்மாதான் எடுத்தார்கள். "ரெண்டு நாளா சோறே துன்னலப்பா. இன்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். நீ அவன் பிரெண்டா?"

"ஆமாம்மா."

"அவனாண்ட வந்து கொஞ்சம் பேசுப்பா."

சரி என்று வைத்துவிட்டேன். போகப் போவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் பிரபு கேட்டான். "இனிமே சனிக்கெயம யாருடா வாங்கினு வரது?"

"நான்" என்றேன்.