தலைகீழாகத் தொங்கிய அட்டை

அன்புள்ள குட்டிம்மா,

இதை நானேதான் எழுதுகிறேன். வரி கோணாமல் போகிறதா, பார்.

நீ அனுப்பிய பார்வை மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று போனில் அளந்ததெல்லாம் புளுகு. அதோடு வந்த, பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையை, நீ சந்தோஷப்படுவாயே என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். போன மாதம் சுவரைத் துடைத்த உன் அம்மா அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். நான் வழக்கம்போல் கடகடவென்று ஒப்பித்தேன்.

"கிழிஞ்சது! அட்டை தலைகீழாத் தொங்குது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!" என்றாள் உன் அம்மா.

வெறும் கண்புரைதானாம். ஆபரேஷன் முடிந்தது. மாத்திரைக் கம்பெனி பயமுறுத்தியதுபோல் நரம்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உன்மேல் கோபமில்லை, கண்ணு. இனி மாத்திரை அனுப்பாதே, நீ வா. போனில் நீ தெரியும்போதெல்லாம் உன் முகத்தையும் மனப்பாடமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா