பாஸ்தா மேல் சம்பல்

ஞாயிறு இரவு, கோலா கெத்தில், மலேசியா.

இத்தாலியிலிருந்து வீடு திரும்பியும் மனம் அந்தச் சாப்பாட்டு மேசையை விட்டு வரவில்லை. மகளின் இத்தாலிக்கார மாமியார் காலையிலிருந்து தானே மாவு பிசைந்து, பாஸ்தா செய்து பரிமாறினார். நான் ஒரு வாய்கூட ருசி பார்க்காமல், கைப்பையிலிருந்த மிளகாய்ச் சம்பல் போத்தலை எடுத்துக் கொட்டிக்கொண்டேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இன்று மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமி தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வர்றாங்க. உங்க கோழிக்கறி சாப்பிடணுமாம். பெரிய சீஸ் கட்டியும் கொண்டு வர்றாங்க லா."

"சீஸ் எதுக்குமா?"

"அவங்க எது மேலயும் துருவிப் போட்டுக்குவாங்கம்மா."

அப்போதிலிருந்து ஒரே யோசனை. என் கறி மேலேயும் துருவுவாரோ? துருவட்டும், நான் என்ன சொல்ல முடியும். அதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தால் போதும்.