நீ பார்த்த தாய் முதலை

என் மரகதத்துக்கு,

நீ பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன். அமராவதி அணைக்கு மேலே, ஆறு வந்து சேருகிற அந்த மணல்திட்டில், போன சனிக்கிழமை காலையில். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வது?

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் நாம் இரண்டு பேரும் போனோமே. அணை கட்டி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதலை பார்க்கப் போகிறேன் என்று நாகல் நகர் ஜவுளிக்கடையில் லீவு கேட்கவே எனக்குக் கூச்சம். ஆசைப்பட்டது நீதான். முதல் நாள் பரிசலில் நானும் ஏறினேன். நீ விளிம்பைக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்து, பாம்பு போலக் கழுத்து நீண்ட பறவை சிறகை விரித்துக் காயவைப்பதையும், பாறைமேல் ஆமைகள் வெயில் காய்வதையும் காட்டிக்கொண்டே வந்தாய். நான் பரிசலின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தலைவலி என்று கரையிலேயே இருந்துகொண்டேன். தலைவலி இல்லை மரகதம், பயம். உனக்குத் தெரிந்துதான் இருக்கும், நீ கேட்கவில்லை. பரிசல்காரரோடும் அவர் மனைவியோடும் போய்விட்டு, மூச்சு வாங்க வந்து நின்றாய்.

"தாய் முதலை குஞ்சுகளை வாயில வச்சுத் தூக்கிட்டுப் போயி தண்ணியில விடுதுங்க. அம்புட்டுப் பெரிய பல்லு, ஒரு கீறல் இல்ல."

பரிசல்காரர் சிரித்தார். அது குஞ்சைத் தின்கிறது, அம்மிணி வேறு மாதிரிப் பார்த்துவிட்டாங்க என்றார். நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். ஊருக்கு வந்தும் விடவில்லை. அக்கா வீட்டிலும் கடையிலும் உன் முதலைக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நீ சண்டை போடவே இல்லை. "நான் பாத்தேன்" என்பாய், அவ்வளவுதான். அந்த உறுதி உனக்கு எங்கிருந்து வந்தது?

நீ கண்ணை மூடிய பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், இந்தச் சித்திரையில் தனியாகப் பஸ் ஏறினேன். அதே பரிசல்காரர். விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டுதான் ஏறி உட்கார்ந்தேன். திட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் துடுப்பை நிறுத்தினார். மணலைத் தோண்டிக்கொண்டிருந்த தாய், கத்திக்கொண்டு வெளியே வந்த குஞ்சுகளை வாயில் அள்ளியது. மெல்ல நடந்து தண்ணீருக்குள் இறங்கி, வாயைத் திறந்து தலையை ஆட்டியது. ஒவ்வொன்றாக நீந்திப் போயின.

பரிசல்காரர் அவை போய் மறையும் வரை பார்த்தார். பிறகு, "அம்மிணி சொன்னது நெசந்தானுங்க. அவங்க வரலீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

நேற்று அக்காவிடம் போய், அன்றைக்கு நான் சிரித்தது தப்பு என்று சொன்னேன். கடையில் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் கடை திறந்ததும், அன்று என்னோடு சிரித்த ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொல்வேன்: அவள் பார்த்தது நிஜம், கரையில் ஒளிந்துகொண்டு கேலி பேசியவன் நான். இது சத்தியம்.

உன்னைக் கட்டிக்கொண்டவன்,
சுப்பையா