பத்தாவது பாஸ்

அன்புள்ள அக்கா,

இன்றைய போட்டியில் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதப்போகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் பத்துப் புள்ளி, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்த பத்து ரீபவுண்ட், மற்றவர்கள் கூடை போட வழிசெய்த பத்துப் பாஸ் என்று மூன்றையும் எடுத்தவர் எங்கள் பாடசாலையில் நீங்கள் ஒருவர்தான். கலியாணமாகிக் குடாவின் அக்கரைக்கு, கட்டைபறிச்சானுக்குப் போன பிறகும் அந்தப் பெருமை உங்களிடமே இருந்தது.

இன்று எங்கள் அணியில் ஆடும் ஜெயரூபி அதை நெருங்கிவிட்டாள். காலில் உங்களுடைய பழைய சப்பாத்தைத்தான் போட்டிருந்தாள், நம் அம்மாதான் அவளுக்குக் கொடுத்துவிட்டா. துறைமுகக் காற்றில் பந்து மிதந்து மிதந்து போனது. புள்ளியும் ரீபவுண்டும் பத்தாகிவிட்டன, ஒரு பாஸ் மட்டும் குறைந்தது. கடைசி நிமிடத்தில் அவள் எறிந்த பந்தைப் பஹ்மியா பிடித்து, இரண்டு தரம் தரையில் தட்டி, கூடைக்குள் போட்டாள்.

தட்டிய பிறகும் அது ஜெயரூபியின் கணக்கில் சேருமா என்பதைப் புள்ளி எழுதும் நான்தான் தீர்மானிக்க வேண்டும்.

“சேராதெண்டு எழுதடி, உன்ட அக்காட பேர் நிக்கும்,” என்றாள் பக்கத்தில் இருந்த நஸ்ரின்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் பஹ்மியாவை மறிக்க ஒருவருமே இல்லை, அக்கா. அவ்வளவு அழகான பாஸ். சேர்த்துவிட்டேன்.

ஜெயரூபி ஓடிவந்து, “அக்கா என்னோட கோவிப்பாவோ?” என்று கேட்டாள்.

“இவ்வளவு நாளும் தனிய நிண்டவ. இப்ப துணைக்கு நீ வந்திட்டாய்,” என்றேன்.

எல்லாரும் போன பிறகு குடாவுக்கு அப்பால் உங்கள் கரை தெரிகிறதா என்று பார்த்தேன். திடலின் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அப்போதுதான் உங்கள் கரையின் வெளிச்சம் தெரிந்தது.

உங்கள் தங்கை