தேனீப் புத்தகத்தின் கடைசிப் பாரம்

மதியம்

முகம் தெரியாத உங்களுக்கு,

மேல்தட்டில் பழுப்புத் துணி சுற்றி வைத்திருந்த தேனீ வளர்ப்புப் புத்தகத்தை எடுத்தது யார்? பாதி தைத்து நின்றுபோன புத்தகம் அது. பதினாறு பக்கம் மடித்த பாரம் ஒன்றை அதில் புதிதாகச் சேர்த்துத் தைத்திருக்கிறீர்கள். என் ஊசி, என் மெழுகு நூல். தையல் மோசமில்லை. ஆனால் பசைக் கையோடு தாளைத் தொட்டிருக்கிறீர்கள். மூலையில் பதிந்திருக்கும் ரேகையை வைத்துப் போலீஸே உங்களைப் பிடித்துவிடும்.

நான் இந்த பைண்டிங் பட்டறை முதலாளி அக்காவின் தம்பி. தைப்பதுதான் என் வேலை. அந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனபோது லாரி மோதிச் செத்துப்போனேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேற்று நீங்கள் தைத்தீர்கள், இன்று இங்கே இருக்கிறேன். எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும். பயப்பட வேண்டாம். பென்சில் பிடிக்கிற தெம்புதான் இருக்கிறது.

பதில் எழுதினால் புத்தகங்களை அழுத்தி வைக்கிற பிரஸ் பலகைக்கு அடியில் வைக்கவும்.

இப்படிக்கு,
ஒல்லி


பிப்ரவரி 9

ஒல்லி அவர்களுக்கு,

அட்டை வெட்டுகிற அண்ணன்தான் என்னிடம் விளையாடுகிறார் என்று நினைத்துச் சண்டைக்குப் போனேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இது அவன் எழுத்தும்மா. அக்காகிட்ட காட்டிடாதே. அவன் பேச்சை எடுத்தாலே அன்னைக்குப் பூரா சாப்பிட மாட்டாங்க" என்றார். அதனால் நம்புகிறேன். வேறு வழியும் இல்லை.

நான் இங்கே புதிதாகத் தையலுக்குச் சேர்ந்தவள். வயது பத்தொன்பது. ரேகை விஷயம் புதிதல்ல, எல்லோரும் என்னைப் பசைக்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேங்கிப்போன வேலை என்று நினைத்து, நல்ல பெயர் வாங்கலாமே என்று உங்கள் புத்தகத்தைத் தொட்டேன். என் நல்ல பெயர் எப்போதும் இப்படித்தான் போய் முடியும்.

ஒன்று கேட்க வேண்டும். நூலகத்திலிருந்து எங்களுக்கு வருவதெல்லாம் பள்ளிக்கூடப் பெண்கள் படித்துப் படித்தே கிழித்த பேய்க் காதல் நாவல்கள்தான். தைப்பதற்கு முன் நானும் படித்துவிடுகிறேன். அதில் வருகிறவர்களுக்கு வெள்ளிக் கண், சில்லென்ற கை. உங்களுக்கு எப்படி?

முந்தாநாள் தைக்கவில்லை, நேற்றுக் கடிதம் இல்லை. அதனால் இன்று ஒரு பாரம் தைத்துவிட்டேன். பார்ப்போம்.

இப்படிக்கு,
பசைக்கை


மதியம்

பசைக்கைக்கு,

வெள்ளிக் கண்ணா? சாகும்போது இருந்த சளியே எனக்கு இன்னும் போகவில்லை. உன் நாவல் கதாநாயகன் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவான். நான் பசைச்சட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடக்கிறேன். ஜன்னல் வழியாக எதிர் டீக்கடையின் பெஞ்சுக் கால்கள் தெரிகின்றன. பொழுதுபோக்கு அவ்வளவுதான்.

நீ போட்ட கணக்கு சரி. ஒரு பாரம் தைத்தால் எனக்கு ஒரு மதியம், உனக்கு ஒரு கடிதம். தைக்காத நாளில் நான் இல்லை. எங்கே போகிறேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. புத்தகம் முடிந்தால் நானும் முடிந்தேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எந்தப் புத்தகமும் ஒருநாள் முடியத்தானே செய்யும்.

நேற்று நீ தைத்த நாவலில் ஒரு பாரம் தலைகீழாக இருக்கிறது. கதாநாயகி முத்தம் கொடுக்கிற இடம். படித்துக்கொண்டே தைத்தால் அப்படித்தான். பிரித்துத் தை.

'அவர்களுக்கு' எல்லாம் வேண்டாம். எனக்கு இருபதுதான்.

ஒல்லி


மார்ச் 22

ஒல்லி,

இன்று அக்கா என் தையலைத் தடவிப் பார்த்து, "யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தப்பித்தேன்.

இனி நேராக எழுதுகிறேன், வளைத்து எழுத எனக்கும் வராது. எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. அந்த நாவல்களில் வருகிற மாதிரிதான். உனக்கு? சளி பிடித்தவனிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டுக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொரு நாளும் திரும்பி ஓடி வரத் தோன்றுகிறது. ஓடி வந்தால் நீ இருக்க மாட்டாய். அதுவும் தெரிகிறது.

இன்று தைத்தது போக ஒரே ஒரு பாரம்தான் பாக்கி.

பசைக்கை


மதியம்

பசைக்கைக்கு,

ஊசியை வாயில் வைக்காதே. விழுங்கித் தொலைக்கப் போகிறாய். இங்கே இரண்டு பேருக்கு இடம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. கடைசிக் கடிதத்தில் எழுதுகிறேன். இப்போதே சொன்னால் அந்தப் பாரத்தைத் தைக்காமல் அப்படியே போட்டுவிடுவாய். புத்தகம் மறுபடி மேல்தட்டுக்குப் போகும், தூசி தின்னும். ஏற்கெனவே தின்றது போதும்.

முடிச்சை இறுக்கமாகப் போடு.

ஒல்லி


மார்ச் 25

ஒல்லி,

கோபித்துக்கொள்ளாதே. கடைசிப் பாரத்தை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வெள்ளைத் தாளைப் பதினாறு பக்கமாக மடித்து, அதைத் தைத்திருக்கிறேன். பாரம் பாரம்தானே? இங்கே வெள்ளைத் தாளுக்கா பஞ்சம்! நான் கிழவியாகிற வரைக்கும் தைப்பேன். நீ நிதானமாகப் பதில் சொல்லு.

பசைக்கை


மதியம்

பசைக்கை,

கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. அந்த நாவல்களில் வருகிற மாதிரிதான். உனக்கு? நிதானமாகப் பதில் சொல்லு.


ஏப்ரல் 12

ஒல்லி,

வெள்ளைப் பாரத்துக்கு வந்த உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. அட்டை வெட்டுகிற அண்ணன் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார். அடுத்ததிலும் அதே வரிகள். அதற்கடுத்ததிலும். அப்புறம்தான் உறைத்தது, எல்லாம் நான் எழுதிய வரிகள். அச்சடித்த பாரத்துக்கு நீ வந்தாய். வெற்றுத் தாளுக்கு வந்தது நீ இல்லை. அது தெரிந்தும் தைத்தேன். முதுகு பருத்துப்போய், எந்த அட்டைக்கும் அடங்காமல் புத்தகம் தலையணை மாதிரி ஆகிவிட்டது.

நேற்று அக்கா அதைப் பார்த்துவிட்டார். மறைக்க முடிகிற பருமனா அது!

"இதை யாரு உன்னைத் தொடச் சொன்னா?"

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து நீட்டினேன். நின்றபடியே படித்தார். டீக்கடை பெஞ்சு பற்றி நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "தினமும் மத்தியானம் அந்த பெஞ்சுலதான்டி உட்கார்ந்திருக்கேன். அவன் என் காலைப் பார்த்துட்டு இருந்திருக்கான்" என்றார். கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, "புத்தகம் எங்கேயும் ஓடிடாது, போய்ச் சாப்பிடுடான்னு அன்னைக்கு விரட்டினதே நான்தான்" என்றார்.

ரொம்ப யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். யோசிக்கவே இல்லை. வெள்ளைப் பாரங்களை அறுத்துத் தள்ளினேன், இழுப்பறையிலிருந்து கடைசிப் பாரத்தை எடுத்து ஊசியோடு அவர் கையில் கொடுத்தேன். "நீங்க தைங்கக்கா. கடிதம் உங்களுக்கு வரும்" என்றேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். என் பதிலையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டேன்.

அக்கா நன்றாகத் தைக்கிறார். உன்னைவிட நன்றாக.

இன்று மதியம் சாப்பாடு முடிந்து கதவைத் திறந்ததும் நேராக பிரஸ்ஸுக்குப் போனார். உன் கடிதத்தைப் படித்து, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்து, "விரட்டினதால போகலையாம். பசிச்சுதாம், அதனால போனானாம்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் டப்பாவில் மீதி வைத்திருந்த சோற்றை எடுத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"உன்னைப் பத்தி ஒரு வரி இருக்கு. படிக்கட்டுமா?" என்று கேட்டார். அது உங்கள் கடிதம், எனக்கு வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நாலு தையல்கூடப் போட்டிருக்க மாட்டேன். எழுந்து போய் அவர் எதிரில் நின்றேன்.

படித்தார்: "பசைக்கையை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு அக்கா. அவளைத் திட்டாதே. நான்தான் முதல்ல எழுதினேன்."

என்னிடம் நேராகச் சொல்ல உனக்கு என்ன கேடு? கடைசிக் கடிதம், கடைசிக் கடிதம் என்று இழுத்தடித்து, அதையும் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். எருமை. எனக்குக் கோபம் தீரவில்லை. சந்தோஷமும் தீரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நூலகத்து நாவல் ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். முத்தம் கொடுக்கிற பாரம் இந்தத் தடவை நேராக இருக்கிறது.

இதற்குப் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் பலகைக்கு அடியில்தான் வைக்கப் போகிறேன்.

உன்,
பசைக்கை