மேல் இரு தட்டுகளில் விழுந்த வெளிச்சம்

அனுப்புநர்:
யோரிட் தெர்ப்ஸ்ட்ரா,
மின்னணுத் தொழில்நுட்பர், குஞ்சு பொரிப்பகம்,
பார்னவெல்ட்.

பெறுநர்:
அனுமதி அலுவலர் அவர்கள்,
விலங்கு ஆய்வு அனுமதிப் பிரிவு.

பொருள்: அடைகாப்பு வெளிச்ச ஆய்வின் குஞ்சுகளை செப்டம்பர் 18 அன்று அழிக்கும்படி வந்த உத்தரவை மூன்று நாள் தள்ளிவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இந்த ஆய்வுக்கான அனுமதி என் மனைவி வீட்ஸ்கே பெயரில் உள்ளது. ஆகஸ்ட் 15 அன்று முட்டைகள் வைக்கப்பட்டன. 120 முட்டைகளுக்குத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் பச்சை வெளிச்சம். மற்ற 120 முட்டைகளுக்கு முழு இருட்டு. விளக்குகளைப் பொருத்தியவன் நான். பதினைந்தாம் நாளான ஆகஸ்ட் 30 காலை வீட்ஸ்கே சைக்கிளில் வேலைக்கு வரும்போது லாரி மோதி இறந்தாள். அன்றும் பச்சை விளக்குகள் ஆறு மணிக்குச் சரியாக எரிந்தன. பதிவுக் கருவியில் பார்த்தேன்.

2. குஞ்சு பொரித்த நாளன்றே அடக்கமும் நடந்தது. அது முடிந்து காப்பியும் கேக்கும் பரிமாறிய இடத்தில், முட்டை தரம் பிரிக்கும் ஹார்மென் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "அந்தப் பொண்ணு எந்நேரமும் அந்த மெஷினுக்கு முன்னாடிதான் நிக்கும். அது படத்த அங்க மாட்டிட்டு, ரூமக் கும்மிருட்டா போட்டுட்டு வர மனசு கேக்கலப்பா. மெழுகுவத்தி கொளுத்துனா நெருப்பு மணி அலறிடும். அதான் அதோட மேஜை விளக்கையே கொண்டாந்து மூணு நாளா எரிய விட்டேன்." அந்த மெஷின், இருட்டுக் கூட்டத்தின் கண்ணாடிக் கதவுப் பெட்டி. எத்தனை வாட்ஸ் விளக்கு என்று கேட்டேன். "அடப்பாவி, மொதல்ல அந்தக் கேக்குத் துண்டத் தின்னு. வாட்ஸாம் வாட்ஸு!" என்றார்.

3. ஒன்பது வாட்ஸ். மறுநாளே இதைத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தவனும் நான்தான். இருட்டுக் கூட்டம் கெட்டுவிட்டது, ஆய்வு செல்லாது, குஞ்சுகளை அழிக்க வேண்டும் என்று பதில் வந்தது. விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் எழுதப்பட்ட பதில் அது.

4. நான் அளந்தேன். அதே விளக்கை அதே இடத்தில் வைத்து, ஐந்து தட்டுகளிலும் வெளிச்சமானியை வைத்துப் பார்த்தேன். மேல் தட்டில் நாற்பது லக்ஸ். இரண்டாவதில் பதினொன்று. கீழே உள்ள மூன்றிலும் பூஜ்யம். கதவின் கீழ்ப்பாதி தகரம் என்பதால் வெளிச்சம் அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தனி நிறக் கால் வளையம் போடுவது வீட்ஸ்கேயின் வழக்கம். பொரித்த அன்று நான் அடக்கத்தில் இருந்ததால் ஹார்மெனின் மகள் அதன்படியே போட்டுவிட்டாள். ஆகவே எந்தக் குஞ்சு எந்தத் தட்டு என்பதில் சந்தேகமில்லை. கீழ்த்தட்டுக் குஞ்சுகள் இப்போதும் இருட்டுக் கூட்டம்தான். மேல் இரு தட்டுகளில் பொரித்த 44 குஞ்சுகள், யாரும் திட்டமிடாத மூன்றாவது கூட்டம்.

5. இது ஏன் முக்கியம் என்றால், பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் கரு தலையைத் திருப்பி, வலது கண்ணை ஓட்டுப் பக்கமாக வைத்துக்கொள்கிறது. இடது கண் உடம்பில் புதைந்திருக்கும். ஓட்டைத் தாண்டி வரும் வெளிச்சம் வலது கண்ணுக்கே கிடைக்கும். மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்ள அது உதவுகிறது. அப்படிப் பொரித்த குஞ்சு ஒரு கண்ணால் கூழாங்கற்களுக்கு நடுவே தானியத்தைத் தேடிக்கொண்டே மறு கண்ணால் பருந்துக்குக் காவல் இருக்கும். இருட்டில் பொரித்தது இரண்டையும் சேர்த்துச் செய்யத் திணறும். மிரளும்.

6. நேற்று கூண்டருகே என் சாவிக்கொத்து தவறி விழுந்தது. எல்லாக் குஞ்சுகளும் மூலைக்கு ஓடின. பச்சை வெளிச்சக் குஞ்சுகள் இருபது நொடிக்குள் தீவனத்துக்குத் திரும்பின. கீழ்த்தட்டுக் குஞ்சுகளுக்கு இரண்டு நிமிடம் ஆனது. மேல்தட்டுக் குஞ்சுகளைப் பற்றி எழுத மாட்டேன். எவை எவை என்று எனக்குத் தெரியும் என்பதால் என் கண்ணை நம்ப முடியாது.

7. ஆகவே சோதனையை ஹார்மென் பார்ப்பார். கூட்டத்துக்கு நாற்பது, ஆக 120 குஞ்சுகள். குஞ்சுக்கு ஆறு நிமிடம். தரையில் ஒட்டிய கூழாங்கற்கள், இடையே தானியம், மேலே கம்பியில் நகரும் அட்டைப் பருந்து. வளையங்கள் சிவப்பிலும் பச்சையிலும் பழுப்பிலும் இருப்பதால் எது எந்தக் கூட்டம் என்று அவருக்கும் தெரிந்துவிடுமே என நான் கவலைப்பட்டபோது அவர் சொன்னது: "எனக்கு எல்லாம் ஒரே சேறுதான் தம்பி. சிக்னல்ல செவப்பு எது பச்ச எதுன்னு தெரியலன்னு டிரைவிங் பள்ளிக்கூடத்துலயே சிரிச்சாங்க." மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், செப்டம்பர் 19, 20 ஆகிய இரு நாட்கள் போதும். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

8. முழு அடைகாப்புக்கும் வெளிச்சம் தேவையா, கடைசி மூன்று நாள் போதுமா? போதும் என்றால் எந்தச் சின்னப் பொரிப்பகமும் ஒரு மேஜை விளக்கை வைத்து இதைச் செய்துவிடலாம். இந்தக் கேள்வி வீட்ஸ்கேயின் திட்டத்தில் இல்லை. இது என் கேள்வி. ஆகஸ்ட் முப்பதிலிருந்து நான் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே விஷயம் இதுதான்.

9. எனவே உத்தரவை செப்டம்பர் 21 வரை தள்ளிவைத்து, அனுமதியை அதுவரை என் பெயருக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். மறுப்பதாக இருந்தால் செவ்வாய் மாலைக்குள் தெரிவியுங்கள். புதன் காலை அவற்றைப் பெட்டியில் பிடித்துப் போட வேண்டியவன் நான். கையில் எடுக்கும் குஞ்சின் வளையத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
யோரிட் தெர்ப்ஸ்ட்ரா

இடம்: பார்னவெல்ட்
நாள்: 13.09.2024